தேவசகாயத்தின் வழியில் பிள்ளைகளோடு போய்வர முடியுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் குமரி மாவட்டத்தில் குடும்பத்தோடு எங்கெல்லாம் போகலாம் என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஒரு பக்கம் முழுக்க வந்திருந்தது. திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம், வட்டக்கோட்டை, பத்மநாபபுரம் அரண்மனை, விவேகானந்தர் பாறை. குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இந்த ஊரிலேயே குடியிருப்பவர்களுக்கு அந்தப் பட்டியல் மனப்பாடம். வெளியூரிலிருந்து விருந்தாளி யார் வந்தாலும் அங்கெல்லாம் அழைத்துக்கொண்டு அலைவது நாங்கள்தானே! திற்பரப்பில் எந்தக் கடையில் பழம்பொரி சூடாகக் கிடைக்கும் என்று எங்கள் சின்னவனைக் கேட்டாலே சொல்லுவான்.

அந்தப் பட்டியலில் விட்டுப்போன ஒரு வழியைப் பற்றி எழுதுகிறேன். நட்டாலத்தில் பிறந்து, பத்மநாபபுரத்தில் வேலை பார்த்து, வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, கோட்டாற்றில் அடக்கமான தேவசகாயத்தின் வழி அது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது எல்லா நாளிதழ்களும் படம் போட்டன. அதன்பிறகு ஜனவரி 14 வந்தால் ஒரு பெட்டிச் செய்தி, அதுவும் பொங்கல் பானைகளுக்கும் கரும்புக்கட்டுகளுக்கும் நடுவே. அவர் வாழ்ந்த இடங்களைப் பிள்ளைகுட்டிகளோடு போய்ப் பார்த்துவர முடியுமா என்று யாராவது எழுதியிருந்தால் என் கண்ணில் படவில்லை. நாங்கள் போய்வந்திருக்கிறோம். முடியும். ஆனால் தேவையே இல்லாத சில கஷ்டங்களைப் பட்டுத்தான் முடிகிறது.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் என் முறையீடு விளங்கும். நான் செவிலியர். என் கணவர் ஏ.சி. மெக்கானிக். மூத்தவளுக்கு எட்டு வயது, இந்த ஆண்டு புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை, வாங்கப் போகிறாள். சின்னவனுக்கு நாலு. கூடவே என் மாமியார். கத்தோலிக்கக் குடும்பம் என்றால் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு, உடுத்திய நல்ல துணியோடு அப்படியே எங்காவது கிளம்பிவிடுவார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. எங்கள் ஞாயிறு அப்படியல்ல. காலைத் திருப்பலிக்குச் சின்னவனை எழுப்பிக் குளிப்பாட்டுவதற்குள் அரை உயிர் போய்விடும். திருப்பலி முடிந்ததும் மூத்தவளுக்கு மறைக்கல்வி வகுப்பு. அவள் வெளியே வரும்வரை சின்னவன் கோவில் முற்றத்து மணலில் புரண்டு, காலையில் போட்ட வெள்ளைச் சட்டையைக் காவியாக்கியிருப்பான். அப்புறம் மீன் கடை, சமையல், ஒரு குட்டித் தூக்கம். மாலையில் அன்பியக் கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் ஜெபக்கூட்டம், நம் வீட்டு முறையாக வந்துவிட்டால் இருபது பேருக்குக் காப்பியும் வடையும். ஞாயிறு அத்தோடு தீர்ந்தது.

எனக்கு வார விடுப்பு செவ்வாயில் வரும், வியாழனில் வரும், டியூட்டிப் பட்டியல் போடுகிறவரின் மனம்போல. என் கணவர் அன்றைக்கு ஒரு அழைப்பையும் ஏற்காமல் கைப்பேசியை அணைத்து வைத்தால் நாங்கள் கிளம்புவோம். அதாவது எங்கள் பயணமெல்லாம் திருவிழா நாளில் அல்ல, ஞாயிற்றில் அல்ல, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையில். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறேன்.

இந்த வழியில் எங்களைக் கிளப்பிவிட்டவள் மூத்தவள். மறைக்கல்வித் தேர்வுக்காகத் தேவசகாயத்தின் வரலாற்றை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். இயற்பெயர் நீலகண்டன், 1712 ஏப்ரல் 23 நட்டாலத்தில் பிறப்பு, 1745 மே 14 ஞானஸ்நானம், 1752 ஜனவரி 14 மறைசாட்சி மரணம், அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டது. கடகடவென்று சொல்லி முடித்துவிட்டுப் புத்தகத்தை மூடியவள், "அவர் இறந்த பிறகு அவர் மனைவிக்கு யார் சோறு போட்டார்கள், அம்மா?" என்று கேட்டாள். வீட்டில் எவருக்கும் பதில் தெரியவில்லை. பாடத்தில் அந்த அம்மாவுக்குக் கிடைத்தது ஒரே வரி. பார்கவி, ஞானஸ்நானத்துக்குப் பிறகு ஞானப்பூ. அவ்வளவுதான்.

யோசித்துப் பார்த்தால் கேள்வி சின்னதல்ல. எங்கள் கோவிலில் நிற்கிற சுரூபங்களை எண்ணிப் பாருங்கள். அந்தோணியார், சவேரியார், குழந்தை தெரசம்மாள், செபஸ்தியார். துறவிகள், கன்னியர், ஒரு படைவீரர். சூசையப்பரைத் தவிர்த்தால் மனைவியோடு குடித்தனம் நடத்தியவர் என்று ஒருவரும் இல்லை. தேவசகாயமோ அரண்மனைச் சேவகத்தில் இருந்தவர், பத்மநாபபுரம் நீலகண்டசுவாமி கோவிலின் அலுவல் பார்த்தவர், வீட்டில் மனைவி காத்திருக்க வேலைக்குப் போய்வந்தவர். இந்தியாவிலிருந்து புனிதர் பட்டம் பெற்ற முதல் பொதுநிலையினர், அதாவது குருவோ துறவியோ அல்லாதவர். "இவருக்கு நம் கஷ்டம் புரியும்" என்றார் என் கணவர், வீட்டுக்கடன் தவணை கட்டிவிட்டு வந்த அன்று. அத்தைக்கு அந்தக் கேலி பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் புலியூர்க்குறிச்சிக்குப் போனோம். ஐந்து பேர் பைக்கில் போக முடியாது. வடசேரியில் தக்கலைப் பஸ். மகளிருக்குக் கட்டணமில்லாத நகரப் பேருந்து கிடைத்துவிட்டால் எனக்கும் அத்தைக்கும் மகளுக்கும் செலவில்லை, சின்னவனும் சும்மா வருவான். டிக்கெட் எடுக்கிற ஒரே ஆத்துமா என் கணவர்தான்.

அந்தப் பஸ்ஸில் நடந்ததைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. எங்கள் வீட்டில் மாலையில் ஜெபமாலை முடிந்ததும் மாதா மன்றாட்டு மாலை சொல்லுவோம். ஜெபமாலையின் மூன்றாம் பத்திலேயே தலை சாய்ந்துவிடுகிற சின்னவன், மன்றாட்டு மாலை தொடங்கியதும் சரியாக விழித்துக்கொள்வான். ஒவ்வொரு விளிக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று உரக்கப் பதில் சொல்வது அவனுக்குப் பெரிய விளையாட்டு. பஸ்ஸில் நடத்துநர் படியோரம் நின்று "பார்வதிபுரம்" என்று கூவினார். உள்ளேயிருந்து "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" என்று ஒரு குரல். "சுங்கான்கடை." "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!" வில்லுக்குறி வருவதற்குள் பஸ் முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தது. நடத்துநரும் விடவில்லை, புலியூர்க்குறிச்சியை இழுத்து ராகம் போட்டுச் சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றார். அத்தை மட்டும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

புலியூர்க்குறிச்சியில் இருப்பது முட்டிடிச்சான் பாறை. கைதான தேவசகாயத்தை எருமையின் மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோன நாளில், தாகம் தாங்காமல் அவர் முழங்கையால் பாறையை இடித்ததாகவும் நீர் ஊறியதாகவும் மரபு. அத்தை அங்கே நின்று, காயங்களில் மிளகாய்ப்பொடி தடவிய கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கினார். நாலு வயதுக்காரனுக்கு அதெல்லாம் வேண்டாம் என்று நான் கண் காட்டினேன். அதற்குள் கேட்டுவிட்டான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அன்றைக்கு அம்மா டியூட்டியில் இல்லையா?" என்றான்.

பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. உள்ளே வனத்துறையின் பூங்கா இருக்கிறது, மான்கள் இருக்கின்றன. சின்னவனுக்கு மான் போதும், கோட்டையும் வரலாறும் அவனுக்கு எதற்கு? பெரியவர்கள் பார்க்க வேண்டியது கோட்டைக்குள் இருக்கும் டிலனாயின் கல்லறை. டச்சுப் படையில் வந்து, 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மரிடம் பிடிபட்டு, பிறகு அதே அரசரின் படைக்குத் தளபதியானவர். நிலமும் மாடும் நஷ்டப்பட்டு மனமொடிந்திருந்த நீலகண்டனுக்கு எல்லாம் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் விவிலியக் கதையைச் சொன்னவர் அவர்தான். 1777-இல் இறந்தார். சிதைந்த சிற்றாலயத்துக்குள் அவரது கல்லறைக்கல்லில் இலத்தீனும் தமிழும் பொறித்திருக்கிறார்கள். மூத்தவள் குனிந்து உட்கார்ந்து, தெரிந்த எழுத்தைச் சத்தமாகவும் தெரியாத எழுத்தை முணுமுணுப்பாகவும் கூட்டிக்கூட்டிப் படித்தாள். போர்க்கைதியாக வந்த ஒரு வெள்ளைக்காரரும் அரண்மனை அலுவலர் ஒருவரும் வேலைக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுக் கவலையைப் பேசியிருக்கிறார்கள். பெரிய அற்புதம் எதுவும் இல்லாமல்தான் அந்தக் கதை தொடங்குகிறது. முட்டிடிச்சான் பாறையை விட எனக்கு மனத்தில் நின்றது அந்தக் கல்லறைதான்.

அங்கிருந்து தக்கலை வழியாகப் பத்மநாபபுரம் அரண்மனை. அதைப் பற்றித் தங்கள் கட்டுரையே விரிவாகச் சொல்லிவிட்டது. திங்கட்கிழமை விடுமுறை என்பதை மட்டும் விட்டுவிட்டீர்கள், சேர்த்துக்கொள்ளுங்கள். படையில் சேர வருபவர் தூக்கிக் காட்ட வேண்டிய கல் ஒன்று அங்கே இருக்கிறது. அதைப் பார்த்ததும் எல்லா அப்பாக்களுக்கும் தோளில் தினவு எடுக்கும். எங்கள் வீட்டு அப்பாவுக்கும் எடுத்தது. இடுப்புவலித் தைலம் யார் தேய்ப்பது என்று கேட்டதும் அடங்கிவிட்டார்.

இன்னொரு விடுப்பு நாளில் காற்றாடிமலை. ஆரல்வாய்மொழியில் இறங்கும்போதே காற்று சேலையைப் பிடித்து இழுக்கிறது. சுற்றிலும் காற்றாலைகள். பிள்ளைகள் எண்ணத் தொடங்கிச் சண்டையில் முடிந்தது. மலை பெரிதில்லை, அத்தையே நின்று நின்று ஏறிவிட்டார். அங்கேதான் மணியடிச்சான் பாறை இருக்கிறது. தேவசகாயத்தைச் சுட்ட வேளையில் மலையிலிருந்து பெயர்ந்து விழுந்த பாறை என்று சொல்லுவார்கள். கீழே கிடக்கிற கூழாங்கல் ஒன்றை எடுத்துத் தட்டினால் கல்லின் சத்தம் வராது. வெண்கலத்தைத் தட்டியதைப் போல, ஓரிரு நொடி நீளுகிற ஓசை. எத்தனையோ கைகள் தட்டித் தட்டிப் பாறையின் மேல் வெள்ளை வெள்ளையாகத் தழும்புகள். மூத்தவள் மெதுவாக ஒரு தட்டு தட்டிவிட்டுக் காதைப் பாறையில் வைத்துக் கேட்டாள். இடம் மாற்றித் தட்டினாள், ஓசை மாறியது. மறுபடி முதல் இடத்துக்கு வந்தாள். சுசீந்திரம் கோவிலின் இசைத்தூண்களும் கல்தானே, அங்கேயும் இப்படித்தானே என்று தந்தையிடம் வாதாடினாள். சின்னவனுக்கு ஒரு கல் போதவில்லை, இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு செண்டைமேளம் வாசித்தான்.

அங்கே எங்களோடு நின்றவர்களில் நெற்றியில் திருநீறு அணிந்த ஒரு தாத்தாவும் பேரனும் இருந்தார்கள். பேரனும் தட்டினான். தட்டுவது யார் என்று பாறைக்குத் தெரியாது.

கோட்டாற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சவேரியார் பேராலயத்தில் தேவசகாயத்தின் கல்லறை இருப்பது மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். டிசம்பர் 3 திருவிழாவுக்கு மாவட்டத்துக்கே விடுமுறை விடுகிற கோவில் அது. எங்கள் பிள்ளைகளைப் பொறுத்தவரை அது பலூனும் பஞ்சுமிட்டாயும் கிடைக்கிற இடம். அதிலும் தவறில்லை.

மூத்தவளின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது வடக்கன்குளத்தில். கணவர் இறந்த பிறகு ஞானப்பூ அம்மாள் திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே அந்த ஊரில்தான் வாழ்ந்தார், அங்கேயே அடக்கமானார். சோறு போட்டது யார் என்பதற்கு நான் சொன்ன பதில், "அந்த ஊர்க்காரர்கள்தான் போட்டிருப்பார்கள், மக்களே" என்பது. திருப்தி அடைந்தவள் போலத் தெரியவில்லை.

வடக்கன்குளத்துக்குப் போனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே ஊரில், தேவசகாயத்துக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு எழுந்த திருக்குடும்ப ஆலயத்தை, ஒரு பக்கம் ஒரு சாதியாரும் மறுபக்கம் மற்றவர்களும் இருக்கும்படி இரண்டு நீண்ட கூடங்களாகப் பிரித்தே கட்டினார்கள். மேலேயிருந்து பார்த்தால் கால்சட்டை விரித்துப் போட்டது போல. நடுவிலிருந்த அந்தத் தடுப்புச் சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. பிள்ளையிடம் இதைச் சொல்ல வேண்டுமா என்று என் கணவர் தயங்கினார். நான் சொன்னேன். மிளகாய்ப்பொடியை விட இதுதான் அவள் வயதுக்குத் தெரிய வேண்டியது என்பது என் எண்ணம். "அப்படியானால் பீடம் எந்தப் பக்கம் இருந்தது?" என்று கேட்டாள். இரண்டு கூடமும் சேருகிற இடத்தில், இரண்டு பேருக்கும் ஒன்றுதான் என்றேன். "பிறகு எதற்குச் சுவர்?" என்றாள். புனிதர் பட்டம் தந்தபோது தேவசகாயத்தின் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த சாதிப் பட்டத்தை வத்திக்கான் நீக்கிவிட்டதையும் சொல்லிவைத்தேன். எந்த மறைக்கல்விப் பாடம் இந்தக் கேள்வியை அவளிடமிருந்து வரவழைத்திருக்கும்?

இனி முறையீட்டுக்கு வருகிறேன். இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அந்த ஒரு இடத்தார் மட்டும் வருத்தப்பட்டு மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

ஒரு திருத்தலத்தில் நுழைந்ததும் பளபளவென்று சலவைக்கல் பலகைகள். மூத்தவளுக்கு எழுத்து எங்கே இருந்தாலும் படித்தாக வேண்டும். ஓடிப்போய்ப் படித்தாள். இன்ன குடும்பத்தார் நினைவாகத் தரை, இன்ன நாட்டில் வேலை பார்க்கும் இன்னார் தந்த விளக்கு, இன்ன ஆண்டு இன்ன கமிட்டியினர், தலைவர், செயலாளர், பொருளாளர். பத்துப் பலகை படித்தாள். அந்த இடத்தில் புனிதருக்கு என்ன நடந்தது என்று ஒரு பலகையிலும் இல்லை. கொடுத்தவர்கள் பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை, நாங்களும் காணிக்கை போடுகிறவர்கள்தான். ஆனால் வெளியூர்ப் பிள்ளை ஒன்று வந்து படித்தால், தேவசகாயம் மின்விசிறி வாங்கிக் கொடுத்த பெரியவர் என்றல்லவா நினைத்துக்கொள்ளும்?

இன்னொரு இடத்தில் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம்? கோவில் வேலைகளைப் பார்க்கிற உபதேசியாரிடம். அவர் எங்கே? சாப்பிடப் போயிருக்கிறார். எப்போது வருவார்? "திருவிழாவுக்கு முழு நாளும் திறந்து வைப்போம், அம்மா" என்றார் அங்கிருந்தவர். திருவிழா வரைக்கும் எட்டு வயதுப் பிள்ளையால் அடக்கிக்கொண்டிருக்க முடியுமா? ஆண்களுக்கு என்ன, மரம் மறைவு போதும். பெண்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெயிலில் எங்கே போவது? வாசலில் கோலம் போட்ட ஒரு வீட்டில் கதவைத் தட்டினேன். அந்த அம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் உள்ளே அழைத்தார். திரும்பும்போது எங்கள் எல்லாருக்கும் மோர் கொடுத்தார். "அடிக்கடி யாராவது வருவார்கள், நாங்கள் என்ன செய்வது, திறந்துதான் விடுவோம்" என்றார். இது அவர் தலையில் விழ வேண்டிய கடமையா?

வேறோர் இடத்தில் சின்னவன் ஓடி விளையாடியதற்குப் பெரியவர் ஒருவர் அதட்டினார். கோவிலுக்குள் அதட்டினால் ஒப்புக்கொள்வேன். வெளிமுற்றத்தில் நாலு வயதுப் பிள்ளை ஓடாமல் என்ன செய்வான், முழந்தாளிட்டுச் சிலுவைப்பாதை செய்வானா?

இதற்கெல்லாம் யாரிடம் போய்ச் சொல்வது என்று யோசித்தபோதுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது. ஒரே மனிதரின் நாற்பது வயதுக்குள் முடிந்த வாழ்க்கை இன்று பலர் கையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. பிறந்த நட்டாலம் குழித்துறை மறைமாவட்டம். மறைசாட்சியான காற்றாடிமலையும் அடக்கமான கோட்டாறும் கோட்டாறு மறைமாவட்டம். ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளம் தூத்துக்குடி மறைமாவட்டம், வருவாய்க் கணக்கில் திருநெல்வேலி மாவட்டம். நண்பரின் கல்லறை இருக்கும் கோட்டையில் வனத்துறைப் பூங்கா. வேலை பார்த்த பத்மநாபபுரத்தின் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் பராமரிப்பது கேரள அரசு. ஒவ்வொருவரும் தம் பங்கைத் தம்மால் இயன்ற அளவு பார்த்துக்கொள்கிறார்கள். முழு வழிக்கும் பொறுப்பு என்று ஒருவரும் இல்லை. அதனால்தான் ஓரிடத்தில் நிற்கிறவருக்கு அடுத்த இடம் எது, எந்தப் பஸ்ஸில் போவது என்று சொல்ல ஒரு பலகைகூட இல்லாமல் போகிறது.

நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. ஆன்மிகச் சுற்றுலா என்று பேச்செடுத்தாலே அலங்கார வளைவும் வானளாவிய சிலையும்தான் நம்மவர் நினைவுக்கு வருகின்றன. வளைவு வேண்டாம். அதன் அடியில் நின்று பிள்ளையின் கை கழுவ முடியாது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு குழாய், நாலு பேர் உட்காரும் நிழல், சாதாரண நாளிலும் திறந்திருக்கும் ஒரு கழிப்பறை, பிள்ளையின் கண் உயரத்தில் ஒரு பலகை. அந்தப் பலகையில் இங்கே என்ன நடந்தது என்று எட்டு வரி, தமிழில், மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கும்படி. எது வரலாறு, எது மக்கள் சொல்லிவரும் மரபு என்று பிரித்து எழுதினால் இன்னும் நல்லது, பிள்ளைகள் அதைப் புரிந்துகொள்வார்கள். கீழே அடுத்த இடத்தின் பெயரும் பஸ் வழியும். ஒரு பலகைக்கு ஆகும் செலவை ஏற்றுக்கொள்ள அந்த நன்கொடையாளர்களே முன்வருவார்கள், வேண்டுமானால் மூலையில் அவர்கள் பெயரைச் சின்னதாகப் போட்டுக்கொள்ளட்டும்.

போக்குவரத்துத் துறையிடம் ஒரு விண்ணப்பம். புதுப் பஸ் விடச் சொல்லவில்லை. ஓடுகிற பஸ்களில் சில, பள்ளி விடுமுறைக் காலத்திலாவது, காற்றாடிமலைக்குத் திரும்பும் இடத்தில் நின்று போகட்டும். நாங்கள் திரும்பிவந்த அன்று கை காட்டக் காட்டப் பஸ்கள் பறந்தன. மாமியாரோடும் தூங்கிவிட்ட பிள்ளையோடும் நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிப் புழுதியில் நிற்பதும் ஒரு தவமுயற்சிதான் என்று அத்தை சொன்னார். தவக்காலம் முடிந்துவிட்டதே, அத்தை!

பங்குத்தந்தையர்களுக்கு ஒன்று. மறைக்கல்வித் தேர்வுக்கு ஆண்டுகளை மனப்பாடம் செய்யவைக்கிற டீச்சர்களும் சிஸ்டர்களும் நல்லவர்கள், சம்பளம் வாங்காமல் உழைக்கிறவர்கள். ஆண்டுக்கு ஒருமுறை வேளாங்கண்ணிக்கு வேன் பிடிப்பதைப்போல ஒருமுறை இந்த வழியிலும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகலாமே. பக்கத்தில்தானே இருக்கிறது, இரவுத் தங்கல்கூட வேண்டாம்.

தங்களிடமும் ஒன்று கேட்கிறேன், ஆசிரியர் அவர்களே. அடுத்த இணைப்பிதழில் இந்த இடங்களை ஒரு வரைபடமாகப் போடுங்கள். சமயப் பக்கத்தில் வேண்டாம். திற்பரப்புக்குப் பக்கத்திலேயே போடுங்கள், எல்லாரும் பார்ப்பார்கள்.

இந்த விடுமுறையிலேயே கிளம்ப நினைப்பவர்களுக்கு: எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள், பிள்ளைகள் அழுதுவிடுவார்கள். தக்கலைப் பக்கம் ஒரு நாள், ஆரல்வாய்மொழியும் வடக்கன்குளமும் ஒரு நாள். காற்றாடிமலைக்கு வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள். குடிக்கத் தண்ணீரும் புளிச்சோறும் வீட்டிலிருந்தே கொண்டுபோவது நல்லது, இலையையும் பாட்டிலையும் திரும்பக் கொண்டுவாருங்கள். மணியடிச்சான் பாறையின் மேல் மெழுகுதிரி ஏற்றாதீர்கள், மெழுகு படிந்தால் பிள்ளைகளுக்குத் தட்ட இடம் இருக்காது. சிறு பிள்ளைகளுக்குத் தொப்பி போட்டால் தாடைக்குக் கீழே கயிறு கட்டிவிடுங்கள். எங்கள் சின்னவனின் தொப்பி முப்பந்தல் பக்கமாகப் போனதுதான், இன்னும் திரும்பவில்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகி, இரு பிள்ளைகளின் தாய்,
வெட்டூர்ணிமடம், நாகர்கோவில்.